பிரெக்ஸிற் (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினது) நேரம், ஐரோப்பியப் பாஸ்போட்காரர் இங்க தொடர்ந்து இருக்க ஸ்ரேற்றஸ் எடுத்த கதை, உங்கடயும் சொல்லுங்கோ

ஈஸ்ட்ஹாம்காரன்:
நான் பிரெஞ்சுப் பாஸ்போட், பிள்ளையள் இங்கிலிஷில படிக்கட்டும் எண்டு 2014ல பாரிஸில இருந்து லண்டன் வந்தனாங்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு, அடுத்தநாள் காலமை கடையில ரீவியைப் பாத்துட்டு முதலாளி "இனி நீயும் விசா எடுக்கோணும் போல" எண்டு பகிடி விட்டார், எனக்குச் சிரிப்பே வரேல்ல. அகதி பேப்பருக்கு அலைஞ்ச காலம் அப்பிடி, பிரெஞ்சுப் பாஸ்போட் கைக்கு வந்த அண்டைக்கு இனி ஒருத்தனுக்கும் பேப்பர் காட்டத் தேவையில்லை எண்டு நினைச்ச ஆள் நான்.

ஸ்ரேற்றஸ் அப்பிளிக்கேசனுக்கு முதல்ல 65 பவுண்ஸ் எண்டவை, 2019 தொடக்கத்தில அதைக் கைவிட்டினம். போன் அப்பால பாஸ்போட் சிப்பை வாசிக்கோணும், அப்ப ஐபோன்ல வேலை செய்யாது, மச்சானிட சாம்சங்கை வாங்கி குசினி மேசையில பாஸ்போட்டுக்கு மேல வச்சு மேலயும் கீழயும் இழுத்து இழுத்து அரை மணித்தியாலம். மனுசி "என்னப்பா மை போட்டுப் பாக்கிறியளோ" எண்டா. சிப் கிடைச்சுது, ஆனா என்ர வரிக் கணக்கில மூண்டு வருசம்தான் காட்டுது. செற்றில்ட், அதாவது நிரந்தரமா இருக்கிற உரிமை, எடுக்க ஐஞ்சு வருசம் தொடர்ந்து இருந்திருக்கோணும், முதல் ரெண்டு வருசம் நான் கைக்காசு வேலை, பே சிலிப் எங்க போறது? கடைசியில மகளின்ர பள்ளிக்கூடக் கடிதம், ஜீபி (குடும்ப டொக்டர்) கடிதம் எல்லாத்தையும் போட்டுத்தான் வந்தது.

டச்சு மருமகள்:
அண்ணை நீங்கள் லக்கி. நான் வந்தது 2018, அதால எனக்கு பிரி செற்றில்ட், ஐஞ்சு வருசம் நிரம்பாதாக்களுக்குக் குடுக்கிற தற்காலிக உரிமை. 2020ல நெதர்லாந்துக்குப் போய் கொரோனாவில ஏழு மாசம் மாட்டுப்பட்டன், 12 மாசத்துக்குள்ள 6 மாசத்துக்கு மேல வெளியில நிண்டா ஐஞ்சு வருசக் கணக்கு முறிஞ்சுபோகும் எண்டு ஆரோ சொல்ல நித்திரையே இல்லை. முக்கிய காரணம் இருந்தா ஒருதரம் 12 மாசம் வரை பரவாயில்லை, கொரோனாவும் அதுக்குள்ள வருது எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. இன்னொரு பயம், ஐஞ்சு வருசம் முடிய மறுபடி அப்ளை பண்ண மறந்தா உரிமையே போயிடும் எண்டிருந்தது. அது விலகல் ஒப்பந்தத்துக்கு எதிர் எண்டு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் சொல்லீட்டுது. பிறகு பிரி செற்றில்டைத் தானாவே நீட்டுறம் எண்டு எனக்கும் ஒரு ஈமெயில் வந்தது. அந்த ஈமெயிலை நாலுதரம் வாசிச்சன்.

ஹரோ அக்கா:
எங்கட அம்மாவிட்ட பழைய நிரந்தர வதிவிடப் பத்திரம் இருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு முருகன் படத்துக்குப் பின்னால வச்சிருந்தவ, அது போதும் எண்டே நினைச்சுக்கொண்டிருந்தம். 2021 ஜூன் 30க்குப் பிறகு அது வெறும் பேப்பர். ஸ்ரேற்றஸ் அப்பிளிக்கேசனைப் பிந்தித்தான் போட்டனாங்கள், காரணம் எழுதினபடியால எடுத்தவை. சரி வந்துட்டுது எண்டா கார்ட் ஒண்டும் இல்லை, எல்லாம் ஒன்லைன். வாடகை வீடு பாக்கப் போனா ஏஜென்ட் "கார்ட் எங்க?" எண்டு நிக்கிறான், நான் ஒன்லைனில திறந்து காட்ட, அம்மாவின்ர பழைய போன் நம்பருக்கு வாற இரகசிய இலக்கத்தைத் தேடுறன், அந்த சிம்மை அவ எப்பவோ எறிஞ்சிட்டா. அண்டைக்கு வீடு போச்சு. இப்ப நம்பரை என்ர போனுக்கு மாத்தி வச்சிருக்கிறன், ஆரும் வயசானாக்கள் இருந்தா முதல் அதைச் செய்யுங்கோ.

ஈஸ்ட்ஹாம்காரன்:
அக்கா அதாவது பரவாயில்லை. என்ர தம்பி, அதே பிரெஞ்சுப் பாஸ்போட், "கொரோனா குறையட்டும் வாறன்" எண்டு இருந்தவன். 2020 டிசம்பர் 31க்குள்ள இங்க குடியிருந்திருக்கோணும், அவன் வெளிக்கிட்டது 2021 மாசியில. மனுசி பிள்ளை எண்டா பிறகும் கூப்பிடலாம், கூடப் பிறந்தவன் அந்தக் கணக்கில இல்லையாம். இப்ப லீவுக்கு வந்து நிண்டுட்டுப் போறான், போனமுறை வரேக்க எனக்குப் பாரிஸ் லாச்சப்பல் கடையில கருவாடு வாங்கி வந்தவன்.