கடற்பசுவையும் கடற்பாசியையும் கம்பேர் பண்ணலாமா?

கேள்வி:
பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், ஒரு கடல் பாலூட்டியையும் ஒரு நீர்த்தாவரத்தையும் ஒப்பிடணுமாம். டால்ஃபின், தாமரைன்னு ஆரம்பிச்சோம், "ஒண்ணு நீந்தும் ஒண்ணு நீந்தாது"க்கு மேல ஒரு வரி நகரல. கடற்பசு, கடற்பாசின்னு மாத்திடலாமா? அது பாசியத்தானே திங்கும்?

பதில் 1:
கடற்பசு ஓகே, பாசி வேணாம்ங்க. பாசிக்கு வேரும் கிடையாது பூவும் கிடையாது. கடற்பசு முக்கியமா மேயுறது கடற்புல்லு, அது வேர், தண்டு, இலை, பூ, விதைன்னு எல்லாம் இருக்குற நிஜ செடி. இதுல மேட்டர் என்னன்னா ரெண்டுமே தரையில இருந்து கடலுக்குத் திரும்பிப் போன பார்ட்டிங்க. கடற்பசுவுக்கு யானை தூரத்து சொந்தம், அதோட முன்னோர் நாலு காலு வச்சு நடந்ததுங்க, கடற்புல்லோட முன்னோரும் தரைச்செடிதான். ஒரே தண்ணிக்குள்ள போயி ரெண்டும் எப்படி எப்படி சமாளிச்சுதுன்னு எழுதுனாலே ரெண்டு பக்கம் வந்துரும்.

பதில் 2:
மூச்சு மேட்டர்ல இருந்து ஆரம்பிங்க. கடற்பசு நுரையீரலை விடவே இல்ல, சில நிமிஷத்துக்கு ஒருக்கா மூக்கை மட்டும் வெளிய நீட்டி காத்து வாங்கிட்டுத் திரும்ப உள்ள போயிரும். கடற்புல்லு மேலயே வர வேணாம், இலைத்துளையையே (தரைச்செடி காத்து வாங்குற சின்ன ஓட்டை) விட்டுடுச்சு, கரைஞ்ச வாயுவ இலைத்தோல் வழியாவே எடுத்துக்கும், உள்ள இருக்குற காத்துக்குழாய் வழியா சேத்துல இருக்குற வேர் வரைக்கும் ஆக்ஸிஜன் போகும். தாமரைத் தண்டை ஒடிச்சா ஓட்டை ஓட்டையா தெரியுமே, அந்த மாதிரி ஏற்பாடுதான் (பாவம் தாமரையும் வீண் போகல!). பூக்கறது, மகரந்தம் பரவுறது எல்லாம் பெரும்பாலும் தண்ணிக்குள்ளயே.

பதில் 3:
ஆயுசை விட்டுட்டீங்களே. கடற்பசு 70 வருஷம் வரைக்கும் இருக்கும், சில வருஷத்துக்கு ஒரு குட்டிதான். கடற்புல்லு விதையும் போடும், மண்ணுக்குள்ள தண்டை ஓட விட்டும் பரவும். ஆஸ்திரேலியாவுல ஷார்க் பே-ல ஒத்தச் செடியே சுமார் 180 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்குன்னு 2022-ல கண்டுபிடிச்சாங்க, வயசு கிட்டத்தட்ட 4500 வருஷம்னு கணக்கு. அதே ஷார்க் பே-ல கடற்பசுவும் ஆயிரக்கணக்குல இருக்கு.

பதில் 2:
ஆமா, இன்னொன்னு, கடற்புல்லை கடற்பசுவோட வெறும் இரைன்னு எழுதிடாதீங்க. கடற்பசு புல்லை வேரோட பிடுங்கி மேயும், போன தடம் மணல்ல கோடு கோடா தெரியும், ஆனா சாணத்துல வர்ற விதையும் முளைக்கும்.

கேள்வி கேட்டவர்:
சூப்பர்ங்க, தேங்க்ஸ். தாமரைய வரைஞ்சு கலர் வேற அடிச்சிட்டா, காத்துக்குழாய்க்குப் பக்கத்துல அதையே ஒட்டிடுறோம்.