நாலு நாளா, நாலு வாரமா: அந்த 26 யாருடைய 26?

தோலுரிப்பான்:
நேற்று இன்னொரு குழுவில் ஒரு பதிவு வலம் வந்தது. "ஃபுளோரோயுராசில் கிரீமை நாலு வாரம் பூசி முகத்தைப் புண்ணாக்கிக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. கால்சிபோட்ரியால் கலந்து நாலே நாள் பூசினால் 88 சதவீத ஏகே காலி. பழைய முறையில் வெறும் 26." எழுதியவர் நம் மெல்போர்ன் மருந்தாளர். அங்கே கேட்டால் பதிவையே தூக்கிவிடுவார், அதனால் இங்கே கேட்கிறேன்.

ஏகே, அதாவது ஆக்டினிக் கெரடோசிஸ். வருஷக்கணக்காக வெயில் வாங்கிய வெள்ளைத் தோலில் வரும் சொரசொரப்பான செதில். அதில் சில பின்னாளில் ஸ்குவாமஸ் என்ற தோல் புற்றாகும். ஃபுளோரோயுராசில் அந்தச் செல்களைக் கொல்லும் மருந்து; கால்சிபோட்ரியால் சொரியாசிஸுக்குப் பூசும் வைட்டமின் டி வகை மருந்து. அவர் சொல்லும் ஆய்வு செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடையது, 2017-ல் வெளியானது, 131 பேர். ஒரு அணிக்கு 5 சத ஃபுளோரோயுராசில் கிரீமும் 0.005 சத கால்சிபோட்ரியால் ஆயின்ட்மென்ட்டும் சரிபாதி. மறு அணிக்கு அதே கிரீமும் வாசலினும் சரிபாதி. இரண்டு அணியும் தினம் 2 வேளை, 4 நாள் பூசியது. எட்டாவது வாரம் செதில்களை எண்ணினார்கள்: 87.8 சதவீதம் குறைவு, 26.3 சதவீதம் குறைவு.

அந்த 26 யாருடையது? வாசலினில் பாதியாக நீர்த்த மருந்தை நாலே நாள் பூசியவர்களுடையது. நாலு வாரம் பூசியவர் அந்த ஆய்வில் ஒருத்தர்கூட இல்லை. சாம்பாரில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி ருசி பார்த்துவிட்டு, பழைய சமையல்காரன் சரியில்லை என்கிறீர்கள்.

மெல்போர்ன்_மருந்தாளர்:
வந்துவிட்டாரா! பதிவைத் தூக்கவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. கால்சிபோட்ரியால் தனியாக என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் மறு அணிக்கு வாசலின். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தானே சோதனை? அது குறையா?

கணக்குக்கு வருவோம். முகமும் கழுத்தும் பூச விரல்நுனி அளவு இரண்டரை, அதாவது 1.25 கிராம். தினம் 2 வேளை, 28 நாள் என்றால் 70 கிராம். இந்த ஊரில் ஒரு டியூப் 20 கிராம். நாலு நாளுக்குக் கலவை மொத்தமே 10 கிராம், அதில் ஃபுளோரோயுராசில் கிரீம் 5. தோலில் போகும் மருந்து 3,500 மில்லிகிராமுக்குப் பதில் 250. பதினாலில் ஒரு பங்கு. டிபிடி நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து உடலில் சிதையாமல் தேங்கும், களிம்பாகப் பூசினாலும் ஆபத்து உண்டு என்று மருந்துக் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. அளவு குறைந்தால் யாருக்கு நல்லது?

நாலு வார முறையில் முதல் வாரம் சிவக்கும், இரண்டாம் வாரம் பொருக்கு, மூன்றாம் வாரம் தோல் உரிந்து சதை தெரியும். அங்கேதான் டியூபை மூடி வைத்துவிடுகிறார்கள். காகிதத்தில் நாலு வாரம், குளியலறையில் பத்து நாள்.

தோலுரிப்பான்:
கிராம் கணக்கு பிரமாதம். நான் கேட்டது 26.

நெதர்லாந்தில் நாலு மருந்தை ஒன்றோடொன்று மோதவிட்ட ஆய்வு 2019-ல் வந்தது. 624 பேர், தலைப்பகுதியில் ஏகே. 5 சத ஃபுளோரோயுராசில், 2 வேளை, 4 வாரம். பன்னிரண்டு மாதம் கழித்து, முக்கால்வாசி செதிலாவது போனவர்களையே வெற்றி என்று எண்ணினால் 74.7 சதவீதம். இமிக்விமாட் கிரீம் 53.9, வெளிச்ச சிகிச்சை 37.7, இன்ஜெனால் ஜெல் 28.9. பழைய முறையின் உண்மையான எண் இந்த 74.7. அதைச் சொல்லாமல் 26 என்று எழுதுவதற்குப் பெயர் என்ன?

மெல்போர்ன்_மருந்தாளர்:
88 பெரிதா, 74.7 பெரிதா?

தோலுரிப்பான்:
ஐயா, ஒன்று எட்டு வாரத்தில் செதில் எண்ணிக்கை சராசரியாக எவ்வளவு குறைந்தது என்பது. மற்றது ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் தேறினார்கள் என்பது. இரண்டையும் எப்படி ஒரே தராசில் வைக்கிறீர்கள்?

மெல்போர்ன்_மருந்தாளர்:
88 என்றால் 88. வார்த்தையில் விளையாட வேண்டாம்.

விளிம்பு_பார்:
இரண்டு பேரும் செதிலையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நமக்கு வேண்டியது புற்று வந்ததா இல்லையா. செயின்ட் லூயிஸ் ஆய்வின் ஆட்களைத் தொடர்ந்து பார்த்த கட்டுரை 2019-ல் வந்தது. மூன்று வருஷத்தில் பூசிய முகத்திலும் உச்சந்தலையிலும் ஸ்குவாமஸ் வந்தவர்கள்: கலவை அணியில் 30-க்கு 2, வாசலின் அணியில் 40-க்கு 11. கால்சிபோட்ரியால் தோல் செல்லைத் தூண்டி டிஎஸ்எல்பி என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கவைக்கிறது, அது நோய் எதிர்ப்புச் செல்களான சிடி4 டி செல்களை அழைக்கிறது, நினைவு டி செல்கள் மேல்தோலிலேயே தங்கிவிடுகின்றன. நாலு நாளில் மருந்தை நிறுத்தினாலும் அழற்சி உச்சத்துக்குப் போவது 10, 11-ஆம் நாள். மீதி வேலையை உடம்பு செய்கிறது. வெறும் ஃபுளோரோயுராசில் செல்லைக் கொன்றுவிட்டுப் போய்விடும்.

தோலுரிப்பான்:
131 பேரில் 70 பேர். மீதிப் பேர் எங்கே? தொடர்ந்து பார்த்த காலம் முழுவதும் ஸ்குவாமஸ் வராமல் இருந்தவர்களை எடுத்தால், வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்கும் பி மதிப்பு 0.0765; 0.05 என்ற கோட்டுக்குக் கீழே வரவில்லை. முகம், தலை, மூன்று வருஷம் என்று எடுத்தால் 0.032. அதைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இன்னொரு தோல் புற்றான பேசல் செல் புற்றில் வித்தியாசமே இல்லை. அப்புறம் அந்த 40 பேர் பூசியது என்ன? மறுபடியும் அதே நாலு நாள் வாசலின் கலவை!

நாலு வார முறைக்குப் புற்றுக் கணக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 932 பேர், 2018-ல் வெளியானது. முகத்திலும் காதிலும் 2 வேளை, 4 வாரம் வரை. முதல் வருஷத்தில் அறுவை தேவைப்பட்ட ஸ்குவாமஸ்: மருந்து அணியில் 468-க்கு 5, வெற்றுக் கிரீம் அணியில் 464-க்கு 20.

விளிம்பு_பார்:
முதல் வருஷத்துக்கு அப்புறம்? அதையும் சொல்லுங்கள். பலன் தேய்ந்துபோனது. உங்கள் முறையில் முகத்தைத் திரும்பத் திரும்ப வறுக்க வேண்டும்.

தோலுரிப்பான்:
932 பேர் எங்கே, 70 பேர் எங்கே.

விளிம்பு_பார்:
ஒரு வருஷம் எங்கே, மூன்று வருஷம் எங்கே.

கண்டனூரான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கால்சிபோட்ரியால் ஆயின்ட்மென்ட்டின் அமெரிக்கக் குறிப்பேட்டிலேயே முகத்தில் பூசக் கூடாது என்று இருக்கிறது. சொரியாசிஸுக்கு முழங்கையில் பூசுவதற்கு வந்த மருந்து. அதை முகம் முழுக்க அப்பச் சொல்லும்போது ஒரு வரியாவது எச்சரிக்கை வேண்டாமா? இன்னொன்று, நம் நிறத்துத் தோலில் ஏகே அபூர்வம். அழற்சி வந்தால் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கும். இங்கே ஃபுளோரோயுராசிலை மருவுக்கும் வெண்புள்ளிக்கும்தான் அதிகம் எழுதுகிறோம். இந்தப் பதிவைப் படித்துவிட்டு மங்கு உள்ளவர் முகத்தில் பூசினால் யார் பொறுப்பு?

மெல்போர்ன்_மருந்தாளர்:
குறிப்பேட்டுக்கு வெளியே எழுதப்படாத மருந்து தோல் மருத்துவத்தில் எது சார்? மங்குக்கு யார் பூசச் சொன்னது?

விளிம்பு_பார்:
"நம் நிறத்துத் தோலில் அபூர்வம்" என்று ஒரே வரியில் கடந்துபோக வேண்டாம். நிறமியே இல்லாமல் பிறந்த அல்பினிசம் நோயாளிகள் தமிழ்நாட்டில் இல்லையா? சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில், வெயில் கெடுத்த செல்லைச் சரிசெய்ய முடியாத சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் வருவதில்லையா? இளம் வயதிலேயே முகத்தில் ஸ்குவாமஸ் வருகிறது. ஏகே களிம்பு அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

கண்டனூரான்:
அவர்களை வைத்துச் சோதனை நடந்ததா? அந்த 131 பேரில் எத்தனை அல்பினிசம்? ஆய்வு ஒருவருக்கு, களிம்பு இன்னொருவருக்கா?

தோலுரிப்பான்:
கண்டனூரான் கேட்டது சரியான கேள்வி, ஆனால் இந்த இழை அதற்கல்ல. 26-க்கு இன்னும் பதில் வரவில்லை.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். "குறைந்த நாள், நிறைந்த பலன்" என்று இன்ஜெனாலுக்கு இதே இடத்தில் கொடி பிடித்தது யார்? முகத்துக்கு மூன்றே நாள் பூசும் ஜெல். 2020 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை விற்பனையை நிறுத்திவைக்கச் சொன்னது. இமிக்விமாட்டோடு ஒப்பிட்ட மூன்று வருஷ ஆய்வில், 484 பேர், ஸ்குவாமஸ் வந்தவர்கள் இன்ஜெனால் பக்கம் 3.3 சதவீதம், மறுபக்கம் 0.4. புற்றைத் தடுக்கப் பூசிய மருந்து! எட்டாவது வாரத்தில் அதுவும் அழகாகத்தான் இருந்தது.

மெல்போர்ன்_மருந்தாளர்:
வந்ததா பழைய பகை. இன்ஜெனால் வேறு, இது வேறு. அது புரதக் கைனேஸ் சி என்ற செல் நொதியைத் தூண்டும் செடிப்பால் மருந்து. கால்சிபோட்ரியாலும் ஃபுளோரோயுராசிலும் பல காலமாகத் தனித்தனியே புழக்கத்தில் இருப்பவை. எதிலும் குட்டை நாள் என்றாலே இன்ஜெனாலை இழுத்துவந்து பூச்சாண்டி காட்டுவது உங்களுக்குப் பழகிவிட்டது.

தோலுரிப்பான்:
தனித்தனியே பழையவை. சேர்த்துப் பூசினால் வேறு வேலை செய்கிறது என்பதுதானே உங்கள் விளம்பரமே? பலனுக்கு மட்டும் புதுக் கலவை, பாதுகாப்புக்கு மட்டும் பழைய மருந்தா?

வைட்டமின்_வேலு:
நண்பர்களே, இவ்வளவு சண்டை எதற்கு? நிகோடினமைடு, அதாவது வைட்டமின் பி3 வகை மாத்திரை, 500 மில்லிகிராம், தினம் 2. சிட்னி ஆய்வு, 386 பேர், 2015. புதிய தோல் புற்று 23 சதவீதம் குறைவு. எரிச்சலும் இல்லை, பொருக்கும் இல்லை.

விளிம்பு_பார்:
மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றது, அதை விட்டுவிட்டீர்கள். உறுப்பு மாற்றியவர்களிடம் 2023-ல் வந்த ஆய்வில் 158 பேர். மாத்திரை அணியில் 207 புற்று, வெற்று மாத்திரை அணியில் 210. யாருக்கு மிக அவசரமாக வேண்டுமோ அவர்களிடம் ஒன்றும் தெரியவில்லை.

வைட்டமின்_வேலு:
அந்த ஆய்வில் போதிய ஆள் சேரவில்லை, பாதியில் நிறுத்தினார்கள்.

தோலுரிப்பான்:
வேலு, தயவுசெய்து வேறு இழை. உறுப்பு மாற்றியவர்கள் என்றதும் ஒன்று தோன்றுகிறது. கலவையின் வேலையே சிடி4 டி செல்லை அழைப்பது என்கிறார்கள். மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுபவரிடம் அந்த டி செல்லையே கட்டிப்போட்டிருக்கிறோம். நாலு நாள் பூசினால் அங்கே என்ன நடக்கும்? மருந்தாளர் பதிவில் "எல்லோருக்கும்" என்று இருக்கிறது.

மெல்போர்ன்_மருந்தாளர்:
"பெரும்பாலானோருக்கு" என்று இருக்கிறது. சரியாகப் படியுங்கள்.

தோலுரிப்பான்:
இப்போது அப்படி இருக்கிறது. திருத்திய நேரமும் கீழேயே இருக்கிறது.

விளிம்பு_பார்:
இரண்டு பேரும் பூசும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செதில் தடித்து, அழுத்தினால் வலித்து, அடியில் கெட்டியாக இருந்தால் நாலு நாளும் வேண்டாம், நாலு வாரமும் வேண்டாம், முதலில் பயாப்ஸி. மேலே களிம்பு பூசி அடியில் புற்றை மூடிவைப்பதுதான் இந்த மருந்தில் நடக்கும் மோசமான தவறு. பூசும்போது கையுறை, இல்லாவிட்டால் உடனே கை கழுவ வேண்டும். கண் இமை, மூக்கு மடிப்பு, வாய் ஓரம் விட்டுவிட வேண்டும், அங்கே தேங்கினால் புண். இரவு வேளையைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையணை வழியாகக் கண்ணுக்குப் போகும். பிரிட்டனில் ஒரே நேரத்தில் 500 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பூசக் கூடாது என்று வரையறை உண்டு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நாலாம் நாள் நிறுத்திய பிறகுதான் சிவப்பு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஒவ்வாமை" என்று ஸ்டீராய்டு பூசி அந்த அழற்சியை அணைத்துவிடுவார்கள். மொத்தமும் வீண்.

கண்டனூரான்:
நாயை விட்டுவிட்டீர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்க மருந்து முகமையான எஃப்டிஏ எச்சரித்தது: ஃபுளோரோயுராசில் களிம்பு தவறுதலாக உள்ளே போய் 5 நாய்கள் செத்தன. கால்சிபோட்ரியாலும் நாய்க்கு விஷம், ரத்தத்தில் கால்சியம் எகிறும். மருந்தாளர் கணக்குப்படி 20 கிராம் டியூபில் 5 கிராம்தான் செலவு. மீதி 15 கிராம் குளியலறைத் தட்டில் கிடக்கும். நாலு நாள் முறையில்தான் மிச்சம் அதிகம்!

மெல்போர்ன்_மருந்தாளர்:
அதற்குத்தான் மருந்தகத்தில் 10 கிராம் மட்டும் கலந்து கொடுப்பது. மிச்சமே வராது.

கண்டனூரான்:
எல்லா மருந்தகமும் கலக்கிறதா? வீட்டில் உள்ளங்கையில் கலந்து பூசுகிறவர்கள்?

தோலுரிப்பான்:
கால்சிபோட்ரியால் அமிலத்தில் சிதையும். சாலிசிலிக் அமிலம் கலந்த கிரீமின் மேலேயே இதைப் பூசுகிறவர்கள் உண்டு. அதற்கும் 88-தானா, இல்லை 26-ஆ?

மெல்போர்ன்_மருந்தாளர்:
சாலிசிலிக் எங்கிருந்து வந்தது? பேசுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் இப்படித்தான்.

வைட்டமின்_வேலு:
நிகோடினமைடு டியூப் கிடையாது, நாயும் கடிக்காது.

கண்டனூரான்:
மாத்திரை டப்பாவையும் கடிக்கும். நாய்க்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே வாருங்கள்.