அயாகுச்சோ போர்க்களம்: மேசை மாடலில் படைகளை எப்படி நிறுத்துவது?

லயத்துவாசி (சுங்கை சிப்புட்):
தோட்டத் தமிழ்ப்பள்ளி வரலாற்று வாரத்துக்கு, 6 அடிக்கு 4 அடி பிளைவுட்டில் அயாகுச்சோ களம் (தென் அமெரிக்காவின் பெருவில், ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர்) செய்கிறோம். ஒரு பொம்மைக்கு 100 பேர் என்று கணக்கு. எந்தப் பக்கம் எத்தனை, யாருக்கு எதிரே யார்? நடுவில் விடுதலைத் தலைவர் பொலிவாரைக் குதிரையில் வைக்கலாமா?

செம்பனை:
பொலிவாரை எடுத்துடுங்க. 1824 டிசம்பர் 9 அன்று அவர் களத்திலேயே இல்லை. விடுதலைப் படையை நடத்தியவர் சுக்ரே. சுக்ரேவின் அறிக்கைப்படி அவரிடம் 5,780 பேர், ஸ்பெயினின் அரசப் படையில் 9,310 பேர். ஆக 58 பொம்மை, 93 பொம்மை.

கிழக்கு ஓரத்தில் கோண்டோர்குன்கா மலை, அதில் வைஸ்ராய் லா செர்னாவின் படை. மேற்கே கினுவா சமவெளி, வடக்கிலும் தெற்கிலும் ஓடைப் பள்ளம். வடக்கில் விடுதலைப் படைத் தளபதி லா மாரின் பெருவியருக்கு எதிரே அரசப் படைத் தளபதி வால்டெஸ். தெற்கில் கோர்டோவாவின் கொலம்பியருக்கு எதிரே வில்லலோபோஸ். நடுவில் மில்லரின் குதிரைப்படை, எதிரே மோனெட். லாராவின் பிரிவு பின்னால், சேமப்படையாக.

மலையைப் பாலிஸ்டைரீனில் செதுக்கினால் நேரே ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீங்க, கரைந்து குழிவிழும். முதலில் சுவர் எமல்ஷன் ஒரு பூச்சு.

பால்மரம்:
எண்ணிக்கையை மட்டும் காட்டினால் 93 ஏன் தோற்றது என்று பிள்ளைகளுக்குப் புரியாது. வில்லலோபோஸ் பக்கத்து அரசப் பீரங்கிகளைக் கோவேறு கழுதை முதுகிலேயே வைங்க. அவற்றை இறக்கிப் பூட்டும்வரை காவல் நிற்க வேண்டிய ரூபின் தே செலிஸ் தன் பட்டாலியனோடு முந்திப் பாய்ந்தார். அவரும் மாண்டார், பட்டாலியனும் சிதறியது. அந்த இடைவெளியில்தான் கோர்டோவா மேலேறினார். மோனெட்டின் ஆட்களோ நடுப்பள்ளத்தைத் தாண்டி வரிசை கூடுமுன்னே அடிவாங்கினார்கள். வால்டெஸ் மட்டும் லா மாரை உண்மையிலேயே பின்தள்ளினார், லாராவிடமிருந்து ஆள் அனுப்பித்தான் தாங்கினார்கள்.

சுக்ரேவுக்கு ஒரே பீரங்கி போதும். இன்னொன்றை டிசம்பர் 3 அன்று கோர்ப்பவாய்கோ மோதலில் இழந்துவிட்டார்.

லயத்துவாசி:
நன்றி அண்ணா. அரசப் படை முகங்களுக்கு வெளிர் நிறம் அடிக்கலாமா? கொடி?

பால்மரம்:
வேண்டாம். அதிகாரிகளில்தான் ஸ்பானியர் அதிகம், சிப்பாய்களில் பெரும்பாலோர் ஆண்டிஸ் மலை மக்கள். இரு பக்கமும் ஒரே பழுப்பு நிறம் அடிங்க, சட்டையிலும் கொடியிலும் வேறுபாடு தெரியட்டும். பெருவுக்கு இன்றைய கொடியை அச்செடுத்தால் தப்பு. அப்போது சிவப்பு, வெள்ளை, சிவப்பு நிலைக்கோடுகள், நடுவில் சூரியன்.

செம்பனை:
இன்னொன்று. பொம்மைகளை ஒவ்வொன்றாக ஒட்டாமல், ஐந்து ஐந்தாக அட்டைத் துண்டில் ஒட்டுங்க. தாக்குதலை நகர்த்திக் காட்டலாம், பள்ளத்தில் சரிந்தும் விழாது.