லினக்ஸ்ல இண்டி கேம்: புரோட்டானே போதும்னு சொல்றவங்க கொஞ்சம் ஏற்காடு வந்துட்டுப் போங்க

ஒண்டிக்கடை_ஓரம்
போன வாரம் இங்க ஒருத்தர் "லினக்ஸ்ல கேம் தேடுறதெல்லாம் இப்ப ஒரு விஷயமா, ஸ்டீம் போடு, புரோட்டான் ஆன் பண்ணு, முடிஞ்சுது"ன்னு எழுதியிருந்தாரு, அதுக்குத்தான் இந்த திரெட். (தெரியாதவங்களுக்கு: ஸ்டீம்ங்கறது வால்வ் கம்பெனியோட ஆன்லைன் கேம் கடை, புரோட்டான் விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட வைக்கற அவங்க சாஃப்ட்வேர், இண்டின்னா சின்ன டீம் சொந்தமா பண்ற கேம்.) நான் இருக்கறது ஏற்காட்டுல. லேப்டாப் செகண்ட் ஹேண்ட், மூணாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ரேம், கிராபிக்ஸ் இன்டெல் எச்டி 4000, ஓஎஸ் மின்ட்ங்கற லினக்ஸ். மழை புடிச்சா நெட்டு போயிடும், கொஞ்ச நேரத்துல கரண்டும் போயிடும். இதுல எத வாங்குனா காசு தண்டமாகாதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? பெரிய துப்பாக்கி கேமெல்லாம் வேணாம், நல்ல கதையோ மூளைக்கு வேலையோ இருந்தா போதும்.

ஆர்ச்_அஞ்சுரோடு
அத எழுதுனது நாந்தான், இப்பவும் அதேதான் சொல்வேன். 2018 ஆகஸ்ட்ல வால்வ் புரோட்டான வுட்டதுக்கு அப்புறம் "லினக்ஸ் பில்ட், அதாவது லினக்ஸுக்குன்னே பண்ண வெர்ஷன் இருக்கா"ன்னு தேடிட்டு இருக்கறதே வெட்டி வேலை. பலாட்ரோவுக்கு லினக்ஸ் பில்ட் கிடையாது, ஹேடீஸுக்கு கிடையாது, டிஸ்கோ எலிசியத்துக்கும் கிடையாது, மூணும் எங்கிட்ட ஜம்முனு ஓடுது. அவ்ளோ ஏன், வெண்பா எடுத்துக்கங்க, கனடா போன தமிழ் குடும்பம், இட்லியில ஆரம்பிக்கற சமையல் கேம், 2024ல பாஃப்டா விருது வாங்குச்சு, அதுவும் விண்டோஸ் பில்டுதான். நேட்டிவ், அதாவது லினக்ஸ் பில்டுதான் வேணும்னு புடிவாதம் புடிச்சா நம்ம கதையையே நாம ஆட முடியாது. தேடுறதுக்கு புரோட்டான்டிபி இருக்கு, எந்த கேம் புரோட்டான்ல எப்படி ஓடுதுன்னு ஆடுனவங்களே எழுதற சைட்டு, அதுல பிளாட்டினம் மெடல் போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்குங்க.

டக்ஸ்_அம்மாபேட்டை
அவரு எழுதுனத முழுசா படிச்சீங்களா தம்பி? எச்டி 4000. புரோட்டான் விண்டோஸ் கேமோட கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ வல்கன்ங்கற வேற கிராபிக்ஸ் மொழிக்கு மாத்தித்தான் ஓட்டுது, அந்த வேலைய பாக்கற டிஎக்ஸ்விகே ரெண்டாவது வெர்ஷன்ல இருந்து வல்கன் 1.3 கேக்குது, இந்த பழைய சிப்புக்கு வல்கன் சப்போர்ட்டே அரைகுறை. ஓப்பன்ஜிஎல்ங்கற பழைய கிராபிக்ஸ் மொழி வழியா சுத்தி ஓட்டலாம், ஓடும், ஆனா ஸ்லைட் ஷோ மாதிரி. பிளாட்டினம் குடுத்தவன் வீட்ல என்ன கார்டு வெச்சிருக்கான்னு பாருங்க மொதல்ல. இதுல ஸ்டீம் திறந்தாலே உள்ள ஒரு பிரௌசர் ஓடுது, 4 ஜிபில பாதி அதுக்கே சரியா போயிடும்.

ஏற்காட்டுக்காரரே, ஓப்பன்ஜிஎல்ல ஓடுற 2டி நேட்டிவ் கேமா தேடுங்க. எஃப்டிஎல், ஸ்டார்டியூ வேலி ரெண்டும் ஜிஓஜிங்கற ஆன்லைன் கடையில லினக்ஸ் இன்ஸ்டாலரோட கிடைக்குது, டிஆர்எம்ங்கற காப்பி பூட்டு இல்ல. ஒரே ஒரு ஃபைல், பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு போனா நெட்டே தேவையில்ல. காசே வேணாம்னா வெஸ்நாத், ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன், எண்ட்லெஸ் ஸ்கை. வெஸ்நாத் 2003ல இருந்து இருக்கு, மழைக்காலம் பூரா ஆடலாம், ஒரே ஒரு கேம்பெயின் முடிக்கறதுக்குள்ளயே அடுத்த மழைக்காலம் வந்துரும்.

ஆர்ச்_அஞ்சுரோடு
நேட்டிவ் நேட்டிவ்னு சொல்றீங்களே அண்ணா, நேட்டிவ் பில்ட வெச்சவன் நாளைக்கு பாத்துக்குவானா? ராக்கெட் லீக் 2020 மார்ச்சோட லினக்ஸ கை கழுவிட்டாங்க, அது பெரிய கம்பெனி, ஒத்த ஆளா பண்றவன் என்ன பண்ணுவான். பத்து வருஷம் முன்னாடி வந்த நேட்டிவ் பில்ட இன்னிக்கு போட்டா அந்த லைப்ரரி இல்ல இந்த லைப்ரரி இல்லன்னு நிக்குது. விண்டோஸ் வெர்ஷனுக்கு நாலு அப்டேட் வந்திருக்கும், லினக்ஸ் வெர்ஷன் அங்கயே கெடக்கும். நானே சில கேமுக்கு நேட்டிவ் இருந்தும் பிராப்பர்ட்டீஸ்ல கம்பாட்டிபிலிட்டி போயி புரோட்டான்ல ஓடுன்னு டிக் அடிச்சுட்டுதான் ஆடறேன், அதுலதான் சேவும் ஒழுங்கா சிங்க் ஆகுது.

தட்டுவடை_செட்
ரெண்டு பேரும் கடைய பத்தியே சண்ட போடறீங்க, அவரு கேட்டது நல்ல கேம எப்படி கண்டுபுடிக்கறதுன்னு. நான் கோடோங்கற கேம் பண்ற சாஃப்ட்வேர்ல சின்ன சின்னதா பண்ணி இட்ச்ங்கற இண்டி கேம் சைட்டுல போடறவ, செவ்வாப்பேட்டை. உள்விஷயம் ஒண்ணு சொல்றேன். இட்ச்ல லினக்ஸ்னு ஃபில்டர் போட்டா கொட்டும், ஆனா லினக்ஸ்ல ஓடும்னு காட்டற அந்த பென்குயின் படத்த போடறது கேம் பண்ணவங்களேதான், யாரும் டெஸ்ட் பண்ணி குடுக்கறதில்ல. கோடோல எக்ஸ்போர்ட் லிஸ்ட்ல லினக்ஸும் இருக்கும், அமுக்கிட்டு ஏத்திடுவாங்க, லினக்ஸ் மெஷின கண்ணுலயே பாத்திருக்க மாட்டாங்க. அதனால பென்குயின நம்பாம கீழ கமெண்ட்ல இறங்கி பாருங்க, "மின்ட்ல கருப்பு ஸ்கிரீன்தான் வருது"ன்னு ஒருத்தன் எழுதி, அதுக்கு அவங்க பதில் சொல்லி, புது பில்ட் ஏத்தியிருந்தா அதான் நல்ல டெவலப்பர். பதிலே இல்லாம கெடந்தா தாண்டி போயிடுங்க.

அப்புறம் பிரௌசர்லயே ஆடற வெர்ஷன் நிறைய கேமுக்கு இருக்கு, அத மொதல்ல ஆடி பாருங்க, டவுன்லோட் கூட வேணாம். ஃபைல எறக்குனதுக்கு அப்புறம் கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்கலன்னா பயப்படாதீங்க, ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ், புரோகிராமா ஓட விடுன்னு ஒரு டிக், அவ்ளோதான். பாதி பேரு இந்த இடத்துலதான் "லினக்ஸ்ல ஓடல"ன்னு ஒத்த ஸ்டார் போட்டுட்டு போறாங்க, எரிச்சலா வரும்.

ஒண்டிக்கடை_ஓரம்
அக்கா இட்ச்ல யுபிஐ இல்லையே, டாலர்ல கேக்குது.

தட்டுவடை_செட்
பேங்க் ஆப்ல போயி கார்டுக்கு இன்டர்நேஷனல் ஆன் பண்ணனும், 2020ல இருந்து புது கார்டெல்லாம் அது ஆஃப்லதான் வருது. வாங்கிட்டு திரும்ப ஆஃப் பண்ணிடுங்க. நேம் யுவர் ஓன் பிரைஸ், அதாவது வெலைய நீங்களே சொல்லுங்கன்னு போட்டிருந்தா சும்மாவே எடுக்கலாம், புடிச்சா பொறவு வந்து காசு குடுங்க. பல கேம ஒண்ணா கட்டி விக்கற பண்டில் வந்தா விடாதீங்க, 2020 ஜூன்ல வந்த இன நீதி பண்டில்ல அஞ்சு டாலருக்கு ஆயிரத்தி எழுநூறுக்கு மேல ஐட்டம், செலஸ்ட்டும் அதுல இருந்துச்சு.

ஆர்ச்_அஞ்சுரோடு
அக்கா சொல்றது சரி, ஆனா அதே மாதிரி ஆளுங்க எழுதுனத படிக்கற வேலைய புரோட்டான்டிபிலயும் பண்ணலாம்ல. மெடல வுட்ருங்க, நான் சொன்ன பிளாட்டினத்தையும் வுட்ருங்க, ரிப்போர்ட்ட தேதி வாரியா போட்டு நம்ம கார்டு வெச்சிருக்கறவன் என்ன எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க. ஸ்டீம்ல யுபிஐ ஓடுது, வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா காசு திரும்பி வந்துரும். ஓடலன்னா திருப்பி குடு, இதவிட பெரிய டெஸ்ட் என்ன இருக்கு? ஸ்டீம் டெக்குங்கற வால்வோட கையடக்க லினக்ஸ் மெஷினுக்கு மஞ்சக் குறி போட்டிருந்தாலும் ஓடாதுன்னு அர்த்தமில்ல, எழுத்து பொடிசா இருந்தாக்கூட மஞ்சதான் குடுப்பாங்க.

டக்ஸ்_அம்மாபேட்டை
ஏங்க, மழைல நெட்டு போற ஊர்ல கேம எறக்கி, ஆடி, ரீஃபண்ட் போட்டு, அடுத்தத எறக்கி... அவரு டேட்டா பேக்குக்கு நீங்களா ரீசார்ஜ் பண்ணுவீங்க? 2010ல ஹம்பிள் இண்டி பண்டில் மொத தடவ வந்தப்ப விண்டோஸ்காரன விட லினக்ஸ்காரங்கதான் சராசரியா அதிக காசு குடுத்தாங்க. அந்த காச பாத்துதான் நாலு பேரு நமக்குன்னு பில்ட் போட ஆரம்பிச்சாங்க. எல்லாரும் புரோட்டான்லயே வாங்குனா ஒருத்தனும் போட மாட்டான், அப்ப எச்டி 4000 வெச்சிருக்கறவன் எங்க போவான்?

ஆர்ச்_அஞ்சுரோடு
எச்டி 4000 வெச்சிருக்கறவன் வேற லேப்டாப் வாங்குவான் அண்ணா, அதுக்கு வயசாச்சு 😄

ஒண்டிக்கடை_ஓரம்
வாங்கி குடுங்க, மொளகு சீசன்ல காசு தரேன். இப்போதைக்கு ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல கீழ எறங்கி வரேன், பென்டிரைவ் 64 ஜிபி இருக்கு, எஃப்டிஎல் ஜிஓஜில வாங்கிட்டேன், வெஸ்நாத்தும் பிக்சல் டஞ்சனும் டக்ஸ் அண்ணன் வீட்டு நெட்டுல ஏத்திக்கறேன். வெண்பா ஆசையாத்தான் இருக்கு, ஆர்ச் ப்ரோ உங்க வீட்ல உக்காந்து ஆடிக்கலாமா?

ஆர்ச்_அஞ்சுரோடு
வாங்க, ஆனா ஏற்காடு காப்பித்தூள் அரை கிலோ இல்லாம கதவு தெறக்காது.

டக்ஸ்_அம்மாபேட்டை
எனக்கு ஒரு கிலோ. நேட்டிவ்.