மறு: எலும்பு நீட்டல் – அகமுறை, புறமுறை

வணக்கம். குட்டையான எலும்பை அறுவை செய்து, கருவி பொருத்தி நீளமாக்கும் சிகிச்சைக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியது:

> உள்ளே பொருத்துவது அகமுறை நீட்டல், வெளியே பொருத்துவது புறமுறை நீட்டல். சுருக்கம், சங்கச் சாயலும் உண்டு.

சாயல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் களியக்காவிளையில் பிசியோதெரபி பார்க்கிறவனுக்கு இது உதைக்கிறது. இங்கே வருகிறவர்கள் 'புறநோயாளி' பலகையைப் பார்த்துப் பழகியவர்கள். புறமுறை என்றால் காலையில் சீட்டு எடுத்து, சாயங்காலம் பாறசாலை பஸ்ஸில் வீடு திரும்பலாம் என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் மாதக்கணக்கில் காலோடு கிடக்கும்.

எலும்பு வளர்வதும் இரண்டிலும் ஒரே விதம்தான். வெட்டி, ஒரு வாரம் போல விட்டு, ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. விலக்கிக்கொண்டே போனால் இடைவெளியில் புது எலும்பு உண்டாகும். 1950களில் சைபீரியாவின் குர்கானில் (தில்லிப் பக்கத்துக் குர்கான் அல்ல) மருத்துவர் இலிசரோவ் காட்டிய வழி. மாறுவது கருவி மட்டுமே; கருவிக்கே பெயர் வைப்போம்.

வெளியே இருப்பது 'நீட்டுச்சட்டம்'. 'வளையம்' சரிவராது, வளையமே இல்லாத ஒருபக்கச் சட்டமும் உண்டு. வீட்டில் ஒருவர் ஸ்பேனரால் தினம் நான்கு தடவை, தடவைக்குக் கால் மி.மீ. திருக வேண்டும். கம்பி தோலைத் துளைக்கும் இடங்களைத் துடைத்து வைக்காவிட்டால் சீழ் பிடிக்கும். பேண்ட் ஏறாது, சாரம் (லுங்கி)தான். புது எலும்பு கெட்டிப்படும்வரை கழற்றவும் முடியாது.

உள்ளே போவதற்கு 'நீட்டாணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகு, ஆனால் காலில் ஆணி என்றால் செருப்புக் கடைக்குத்தான் யோசனை போகும். 'நீட்டுத்தண்டு' போதும். எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் இருக்கும். தொடைமேல் ஒரு கருவியை வைத்தால் அதன் காந்தம் தண்டுக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றி நீட்டும். தோலில் கம்பி இல்லை. விலை கூடுதல், அப்புறம் அதை எடுக்க இன்னோர் அறுவை. வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சட்டம்தான், எலும்பு முனையருகே அது நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டைத் தண்டு துளைத்துவிடக் கூடும்.

இரண்டையும் சேர்ப்பதும் உண்டு. உள்ளே சாதாரணத் தண்டு, நீட்டுவது வெளிச்சட்டம். நீட்டி முடிந்ததும் தண்டைத் திருகாணியால் பூட்டிவிட்டுச் சட்டத்தைச் சீக்கிரமே கழற்றிவிடுவார்கள். இதை அகத்தில் போடுவீர்களா, புறத்திலா? 'தண்டுவழிச் சட்டநீட்டல்' என்றால் குழப்பமில்லை.

வெட்டிய எலும்பை மெல்ல விலக்கும் டிஸ்ட்ராக்ஷனுக்கு 'இழுப்பு' மட்டும் வேண்டாம், எங்கள் பக்கம் அது ஆஸ்துமா. 'விலக்கல்' சரி. சொல்லில் 'கால்' சேர்க்காதீர்கள், கை எலும்புக்கும் இதையே செய்கிறார்கள்.