ஹோவர்ட் ஃபின்ஸ்டரின் பலகைகள்: பட்டியல் போட்டவர்களின் அனுபவப் பகிர்வு

பட்டியல் பணியில் இருப்பவர்

ஃபின்ஸ்டர் பலகைகளில் வரைந்த ஓவியங்களைப் பட்டியலிடுவோருக்குக் கிடைக்கும் பெரிய வசதி, அவரே ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுவிட்டுப் போயிருப்பது. அலபாமாவில் பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தில் சம்மர்வில் ஊருக்குப் பக்கத்தில் பென்வில்லில் வாழ்ந்த பாப்டிஸ்ட் போதகர் அவர். சைக்கிள் பழுதுபார்ப்பதும் தொழில். 1976இல் சைக்கிளுக்கு வண்ணம் பூசும்போது விரல் நுனியில் ஒட்டிய வண்ணத்தில் ஒரு முகம் தெரிந்தது, புனிதப் படங்கள் வரையச் சொன்னது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். டாலர் நோட்டில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டனைப் பார்த்து வரையத் தொடங்கினார். ஆண்டவருக்காக 5,000 ஓவியம் என்று எடுத்த நேர்ச்சையை 1985இல் முடித்தார். அதோடு நிறுத்தவில்லை. 2001 அக்டோபரில் அவர் இறக்கும்போது எண்ணிக்கை 46,000ஐத் தாண்டியிருந்தது.

இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை எளிது. முதல் 5,000க்குச் சுமார் 10 ஆண்டு. அடுத்த 41,000க்கு 16 ஆண்டு. அதாவது பிற்காலத்தில் சராசரியாக நாளைக்கு ஏழு. ஆகவே 20,000க்கு மேல் எண்ணும் 1984 என்ற தேதியும் ஒரே பலகையில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். எண், தேதி இரண்டும் ஐயமில்லாமல் படிக்க முடிகிற பலகைகளை மட்டும் கொண்டு ஒரு ஒப்பீட்டு அட்டவணை தயார் செய்யுங்கள். சந்தேகமான ஒவ்வொன்றையும் அதில் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் இரு தேதிகளுக்கு இடையே கோடு போட்டது போல எண் சீராக ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள். சில மாதங்களில் குவியும், சில மாதங்களில் மெதுவாக நகரும்.

எண்ணை அவர் எழுதியபடியே பதியுங்கள். ஆயிரத்தை முதலில் முழுதாக எழுதிவிட்டு, ஒரு புள்ளி வைத்து, மீதியைத் தொடர்வது அவர் வழக்கம். 4,000.372 என்றால் நாலாயிரத்து முன்னூற்று எழுபத்திரண்டு. இதைக் கணினி அட்டவணையில் எண் என்ற வகையில் தட்டச்சு செய்தால் தசமமாகி, வரிசை முழுவதும் குலைந்துபோகும். ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) அவர் எழுதியபடி எழுத்து வடிவம், பக்கத்துப் பத்தியில் 4372 என்ற முழு எண் என்று இரண்டாக வையுங்கள். அவர் எண்ணை உங்கள் பட்டியல் எண்ணாக ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். எண் அழிந்த பலகையும், அவர் அமைத்த தோட்டத்திலிருந்து எண்ணே போடாத பொருளும் வரும். ஒரே எண்ணோடு இரண்டு பலகைகள் வந்து நின்றால் திண்டாடிப் போவீர்கள்.

எழுத்துகளைப் படியெடுப்பவர்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இந்த ஓவியங்களில் பாதி எழுத்துதான். மேகத்தில், மலைச்சரிவில், தேவதையின் உடையில், பாடகர் எல்விஸின் சட்டையில், மரச்சட்டத்தில், பின்பக்கத்தில் என்று எங்கும் வேத (பைபிள்) வசனமும் அவர் சொந்தப் பிரசங்கமும் நிறைந்திருக்கும். "வசனங்கள் உள்ளன" என்று ஒரு வரியில் முடித்துவிட்ட பழைய பட்டியல்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அவர் போதகர், படம் வரைந்ததே பிரசங்கம் பண்ணத்தான். அந்தச் சொற்களை விட்டுவிட்டால் பட்டியலில் ஓவியம் இல்லை என்றுதான் அர்த்தம்.

முறை இது. மேல் இடது மூலையில் தொடங்கி வலஞ்சுழியாக விளிம்பைச் சுற்றி வாருங்கள், பிறகு உள்ளே வாருங்கள். ஒவ்வொரு எழுத்துத் தொகுதிக்கும் ஒரு எண் கொடுத்து, அச்செடுத்த புகைப்படத்தில் அந்த இடத்தைக் குறியுங்கள். வரி முறியும் இடத்தில் சாய்கோடு. படிக்க முடியாத எழுத்துக்கு ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஊகித்துச் சேர்ப்பதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், ஒரே சொல்லை அவர் எந்தக் காலத்தில் எப்படி எழுதினார் என்பது பிறகு ஒப்பிடும்போது சான்றாகும். தேதியோடு மணி நிமிடமும் எழுதியிருந்தால் அதற்குத் தனிப் பத்தி வையுங்கள்.

ஒருவர் படிக்க இன்னொருவர் எழுதுங்கள். மறுநாள் இடம் மாறி, புகைப்படத்திலிருந்து சரிபாருங்கள். வேதம் நன்கு தெரிந்தவர் தனியாகப் படியெடுத்தால் ஒரு சிக்கல் வரும்: பலகையில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருக்கும் வசனத்தை எழுதிவிடுவார். ஃபின்ஸ்டர் பல இடங்களில் வசனத்தைத் தம் சொல்லில்தான் எழுதுவார்.

மங்கிய எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிற்காலப் பலகைகளில் மார்க்கர் பேனா எழுத்து நிறைய. சாய மையாக இருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும். அகச்சிவப்புப் படம் எடுத்தால் தெரியும் என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டாம்; சாய மை அகச்சிவப்பில் மறைந்துவிடும், பென்சில் கோடும் கரி கலந்த கறுப்பும்தான் தெரியும். சாய மைக்குப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்திப் பாருங்கள், சில சமயம் வெளுத்த கோடு இருண்டு எழும்பும்.

பழுதுபார்க்கும் மேசையிலிருந்து

துடைக்காதீர்கள். பட்டியல் போடும் இடத்தில் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அவர் விரும்பிப் பயன்படுத்தியது டிராக்டருக்குப் பூசும் எனாமல் வண்ணம். கெட்டியானது, பளபளப்பானது. அதைப் பார்த்துத் தைரியம் வந்து, பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் மேலே உள்ள மார்க்கர் எழுத்து அப்படியே கரைந்து பஞ்சுக்கு வந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். வண்ணம் செதிலாக எழும்பியிருந்தால் அதையும் செய்யக்கூடாது.

கையுறை கட்டாயம், நைட்ரைல் வகை. வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு அமெரிக்காவில் 1978இல் தடை வந்தது. விவசாய, தொழிற்சாலை இயந்திரங்களுக்கான பூச்சுக்கு அதில் விலக்கு இருந்தது. ஆகவே 1978க்குப் பிந்தைய பலகை என்றாலும் ஈயம் இருக்கலாம் என்றே நடந்துகொள்ளுங்கள். சுரண்டுவதும் உப்புத்தாள் போடுவதும் கூடவே கூடாது.

பலகை வகையைச் சரியாக எழுதுங்கள். ஒட்டுப்பலகையில் விளிம்பைப் பார்த்தால் அடுக்கு தெரியும், ஈரம் பட்டால் அடுக்கு பிரியும். மேசனைட் போன்ற அழுத்திய நார்ப்பலகையில் அடுக்கு இல்லை. மூலை பஞ்சு போலப் பிரிந்து உப்பும், ஒரு பக்கம் மட்டும் வண்ணம் இருப்பதால் வளையும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு இன்னும் கூடும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் எடுங்கள். வளைந்த பலகைக்கு நேர்கோலை வைத்து நடுப்பள்ளத்தின் ஆழத்தையும் குறியுங்கள். அடுத்த முறை அளக்கும்போது வளைவு கூடியிருக்கிறதா என்று அதுதான் சொல்லும்.

உங்கள் பட்டியல் எண்ணை எங்கே எழுதுவது? வழக்கமாக பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசினைப் பூசி அதன்மேல் எழுதுவோம். இங்கே அது ஆகாது. அதைக் கரைக்கும் அசிட்டோன் மார்க்கர் மையையும் கரைக்கும், பின்பக்கத்திலும் எழுத்து இருக்கும். அமிலமற்ற அட்டையில் பென்சிலால் எழுதி, பருத்தி நாடாவில் கட்டித் தொங்கவிடுங்கள்.

படம் எடுப்பவர்

எனாமல் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். விளக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக 45 பாகையில். விளக்கிலும் லென்ஸிலும் பளபளப்பை அடக்கும் போலரைசிங் வடிகட்டி. நிற அட்டையும் அளவுகோலும் சட்டகத்துக்குள் வர வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பு என்று ஆறு படம் குறைந்தபட்சம். பிறகு ஒரே விளக்கைப் பலகையோடு ஒட்டினாற்போல் 10 பாகைக்குத் தாழ்த்தி ஒரு படம்: செதில், தூரிகைத் தடம், அடியில் மறைந்த முந்தைய உருவம் எல்லாம் அதில் தெரியும். வடிகட்டி போட்ட படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பளபளப்பு எங்கே மங்கியிருக்கிறது என்று தெரியாது; வடிகட்டி இல்லாமலும் ஒன்று எடுங்கள்.

அவரே சூட்டுக்கம்பியால் கோலம் சுட்ட மரச்சட்டம் இருந்தால் அது ஓவியத்தின் பகுதி. கழற்ற வேண்டாம், புகைப்படத்தில் அதை வெட்டி நீக்கவும் வேண்டாம்.

பட்டியல் பணியில் இருப்பவர்

அடுத்து வெட்டுருவங்கள், அதாவது உருவத்தின் வடிவிலேயே வெட்டிய பலகைகள். சிறுவன் எல்விஸ், கோக் புட்டி, தேவதை, வாஷிங்டன் போன்றவை அச்சுப்படிவம் வைத்து வரைந்து பலகையில் வெட்டியவை. பிற்காலத்தில் பலகை வெட்டவும் அடிவண்ணம் பூசவும் குடும்பத்தார் உதவினார்கள். இது மறைக்க வேண்டிய செய்தி அல்ல. உருவாக்கம் என்ற பத்தியில் வெட்டு, அடிவண்ணம், உருவம், எழுத்து என்று நான்காகப் பிரித்து, எதில் யார் கை என்று சான்று சொல்கிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ஒரே உருவத்தை ஒப்பிட, மைலார் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மேலே பிடித்து வெளிக்கோட்டை எடுங்கள். ஒரே படிவம் என்றால் கோடு பொருந்தும், ரம்பத்தின் தள்ளாட்டம் மட்டும் மாறும். போலியைப் பிடிக்க இது தனியாகப் போதாது, ஏனென்றால் வெளிக்கோட்டை யாரும் எடுக்கலாம். எண், தேதி, கையெழுத்து, பின்பக்க எழுத்து நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வரிசை எண்ணோடு 12/100 (நூறு பிரதிகளில் பன்னிரண்டாவது) போன்ற எண்ணும் இருந்தால் அது அச்சுப்பிரதியாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் தூரிகைத் தடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓவியப் பட்டியலில் சேருங்கள்.

1961இல் அவர் தொடங்கிய பாரடைஸ் கார்டன் தோட்டத்திலிருந்து வந்தவற்றுக்கு இன்னும் ஒரு பத்தி வேண்டும்: தோட்டத்தில் எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து இருந்தது என்பது. அங்கிருந்து பெயர்த்த பொருட்கள் சில இன்று அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்றவை தோட்டத்திலும் தனியாரிடமும். பழைய புகைப்படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, பின்னணியில் தெரியும் பலகைகளைத் தேடுங்கள். வெயில் பட்ட பக்கத்தில் வண்ணம் சுண்ணாம்பு போலப் பொடியும், ஆணித் துருவின் கறை கீழ்நோக்கி ஓடும். இந்த இரண்டும் பலகை எந்தப் பக்கம் மேலாக, எந்தப் பக்கம் வெளியே பார்த்து நின்றது என்று காட்டிவிடும். துருக்கறையைக் குறை என்று எழுதிச் சுத்தம் செய்யப் பரிந்துரைப்பவர்கள் அந்தத் தடயத்தை அழித்துவிடுகிறார்கள்.

ஒரே எண்ணில் இரண்டு வந்தால் அவர் எண்ணில் கை வைக்காதீர்கள். உங்கள் எண்கள் வேறு வேறாக இருக்கும். குறிப்புப் பத்தியில் இரண்டையும் ஒன்றுக்கொன்று சுட்டிவிடுங்கள். இரண்டுக்கும் தேதியும் மணியும் படிக்க முடிந்தால், ஒப்பீட்டு அட்டவணையில் பக்கத்து எண்களோடு எது பொருந்துகிறது என்று பாருங்கள். பொருந்தாததைப் போலி என்று உடனே எழுத வேண்டாம். நாளைக்கு ஏழு செய்தவர் எண்ணில் தவறியிருக்கலாம். "எண் ஒத்துப்போகவில்லை" என்று மட்டும் பதிந்து, இன்னும் பலகைகள் சேரும்வரை விட்டுவையுங்கள்.