கிளினிக் சீட்டை எச்.ஆர். ஏற்கவில்லை – லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட்டில் என்னென்ன இருக்கணும்?

கேள்வி: பனியன்_பேக்கிங்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நவம்பர் 3 திங்கள் முதல் 8 சனி வரை காய்ச்சல், ஆறு நாள் லீவு. 3ஆம் தேதி வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் மருந்துச் சீட்டின் அடியிலேயே "வைரல் ஃபீவர், 5 நாள் ரெஸ்ட்" என்று எழுதிக் கொடுத்தார். 5ஆம் தேதி ரத்தப் பரிசோதனையும் அவர்தான் எழுதினார், ரிப்போர்ட் இருக்கிறது. எச்.ஆரில் இது சர்டிபிகேட் இல்லை, ஆறு நாளும் சம்பளப் பிடித்தம் என்கிறார்கள்.

சம்பளம் 18,200. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், சேர்ந்து இரண்டு வருஷம் ஆச்சு. மூன்று சந்தேகம். அதே டாக்டரிடம் 3ஆம் தேதி போட்டு சர்டிபிகேட் வாங்கலாமா? நோயின் பெயரைக் கட்டாயம் எழுதணுமா? இ.எஸ்.ஐ.யில் பணம் கிடைக்குமா?

பதில் 1: ஓபி_ரெஜிஸ்டர்

எச்.ஆர். சொல்வதில் பாதி சரி. மருந்துச் சீட்டு நீங்கள் டாக்டரைப் பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம். வேலைக்குப் போக முடியாத நிலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று சொல்வதுதான் சர்டிபிகேட்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 3ஆம் தேதியிலிருந்து 5 நாள் என்றால் 7ஆம் தேதியோடு முடிந்தது. 8ஆம் தேதிக்கு அந்தச் சீட்டிலேயே ஆதரவு இல்லை. "5 நாள்" என்று எண்ணிக்கை மட்டும் எழுதுகிற இடமெல்லாம் இந்தக் குளறுபடி வரும். "3 முதல் 8 வரை, இரு நாட்களும் சேர்த்து" என்று எழுதச் சொல்லுங்கள்.

லீவு சர்டிபிகேட்டுக்கு இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. மேலே நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, அதை டாக்டர் முன்னால்தான் போடணும். இரண்டு அங்க அடையாளம், நோய், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு அவசியம், இடம், தேதி, டாக்டர் கையெழுத்து, கவுன்சில் பதிவு எண். பல சர்டிபிகேட் திரும்பி வருவது இந்தப் பதிவு எண் இல்லாததால்தான். ரப்பர் ஸ்டாம்பில் பெயரும் டிகிரியும் மட்டும் இருந்தால் போதாது. சீட்டு, சர்டிபிகேட், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றிலும் பதிவு எண் இருக்கணும் என்பது விதி. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பழைய தேதி போட்டு வாங்கவே வாங்காதீர்கள். எழுதிய தேதி வேறு, லீவு தேதி வேறு. டாக்டர் இன்றைய தேதி போட்டு, "இவரை 3ஆம் தேதியும் 5ஆம் தேதியும் பரிசோதித்தேன், 3 முதல் 8 வரை வேலைக்குப் போகும் நிலையில் இல்லை" என்று எழுதினால் அது முழுக்கச் செல்லும். கொடுக்கிற சர்டிபிகேட்டுக்கெல்லாம் டாக்டர் தனி ரெஜிஸ்டர் வைத்து நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய தேதி போட்டால் ரெஜிஸ்டரில் வரிசை இடிக்கும். கம்பெனி ஒரு போன் போட்டு விசாரித்தால் உங்கள் வேலையும் போகும், அவர் பதிவுக்கும் ஆபத்து.

8ஆம் தேதி அவர் உங்களைப் பார்க்கவில்லையே, அதற்கு எப்படி எழுதுவார் என்றால், 5ஆம் தேதி ரிப்போர்ட்டை வைத்து அவர் தீர்மானிக்கணும். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்த ஒரு நாளைக் கேஷுவல் லீவில் கழிக்கச் சொல்லுங்கள்.

பதில் 2: கிளை_அலுவலக_வரிசை

பணத்துக்கு வருவோம். உங்கள் சம்பளம் 21,000 வரம்புக்குள். இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் என்பது சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். அடுத்தடுத்த இரண்டு பயன் காலத்துக்கும் (பணம் கேட்கக்கூடிய ஆறு மாதம்தான் ஒரு பயன் காலம்) சேர்த்து அதிகபட்சம் 91 நாள்.

எந்தச் சம்பளத்தை எடுப்பார்கள் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். லீவு நவம்பரில் என்பதால் பயன் காலம் ஜூலை–டிசம்பர். அதற்குரிய சந்தா காலம், அதாவது சம்பளத்தில் பிடித்த கணக்கைப் பார்க்கும் ஆறு மாதம், முந்தைய அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கணும். ஜனவரி–ஜூனில் லீவு போட்டால் அதற்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பரைப் பார்ப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு வைத்தியம் உடனே உண்டு, பணம் மட்டும் ஒன்பது மாதம் கழித்துத்தான். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கணக்கு: ஆறு மாதச் சம்பளம் 1,09,200, சம்பள நாட்கள் 156 என்று வைத்தால் தினக்கூலி 700, அதில் 70 சதவீதம் 490. முதல் இரண்டு நாள் காத்திருப்பு, பணம் இல்லை. மீதி 4 நாளுக்கு 1,960. முந்தைய நோய் லீவு முடிந்து 15 நாளுக்குள் திரும்பவும் படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது.

கம்பெனி சம்பளத்தோடு லீவு கொடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் வராது. இரண்டையும் ஒரே நாளுக்கு வாங்கப் பார்த்தால் கம்பெனியிடம் வருகை விவரம் கேட்கும்போது மாட்டும்.

பனியன்_பேக்கிங்

ரொம்ப நன்றி. கிளினிக் சர்டிபிகேட்டில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று கூட வேலை செய்யும் அண்ணன் சொல்கிறார். சரியா?

பதில் 3: கிளை_அலுவலக_வரிசை

அந்தப் பேச்சு எல்லா மில் வாசலிலும் உண்டு. அப்படி நடக்காது. டிஸ்பென்சரி டாக்டர் தான் பார்த்த நாளிலிருந்துதான் சான்று தருவார். காய்ச்சல் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பவருக்குப் போன வாரத்துக்கு எப்படித் தருவார்?

வெளியே பார்த்த வைத்தியத்துக்கு வழி வேறு. பதிவு எண்ணோடு உள்ள சர்டிபிகேட், மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், பில், இவற்றோடு ஏன் டிஸ்பென்சரிக்குப் போகவில்லை என்று ஒரு கடிதம், நோய்க்காலக் கோரிக்கைப் படிவம் 9, எல்லாவற்றையும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மாற்று ஆதாரமாகக் கொடுக்கணும். அவர்கள் இ.எஸ்.ஐ.யின் மருத்துவ நடுவரிடம் அனுப்பிக் கேட்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் வாய்ப்பு அதிகம். வெறும் ஓ.பி. காய்ச்சல் என்றால் குறைவு. 1,960 ரூபாய்க்கு எத்தனை நடை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை முதல் நாளே அடையாள அட்டையோடு டிஸ்பென்சரிக்குப் போங்கள். முதல் சான்று, நீண்டால் இடைச் சான்று, கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்று. நடுவில் ஒன்று விட்டுப்போனால் அந்த நாட்கள் போச்சு. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் ஒரு இனிஷியல் என்றிருந்தால் இப்போதே திருத்தி வையுங்கள். அந்த நாட்களில் வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது, பக்கத்துப் பவர்டேபிளில் (தையல் யூனிட்டில்) பீஸ் ரேட்டுக்குக்கூட.

பதில் 4: மேசைக்கு_அந்தப்பக்கம்

எச்.ஆர். பக்கத்திலிருந்து சில வார்த்தை. "ஆறு நாளும் பிடித்தம்" என்பதை அப்படியே விட வேண்டாம். கேஷுவல் லீவு, ஈட்டிய விடுப்பு பாக்கி எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். ஃபேக்டரிக்கான சட்டத்தில் தனியாக நோய் விடுப்பு கிடையாது, அந்த இடத்தை நிரப்புவதுதான் இ.எஸ்.ஐ. கடை, ஷோரூம், அலுவலக ஊழியர்களுக்குத்தான் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947இல் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு. ஃபேக்டரி ஆள் அந்த 12 நாளைக் கேட்டு வாதாடினால் அது நிற்காது.

நோயின் பெயர்: மாதிரிப் படிவத்தில் நோய்க்கு இடம் உண்டு, "உடல்நலக் குறைவு" என்று மொட்டையாக இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். வைரல் காய்ச்சலில் மறைக்க என்ன இருக்கிறது? மனநல சிகிச்சை, கருச்சிதைவு மாதிரி விஷயம் என்றால் "என் சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதித் தர டாக்டரிடம் கேளுங்கள். சூப்பர்வைசர் கையில் கொடுக்காமல் மூடிய கவரில் எச்.ஆருக்கு நேராகக் கொடுங்கள்.

அதிகம் சிக்குவது அம்மையும் மஞ்சள் காமாலையும்தான். அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், இரண்டு வாரம் கழித்து வந்து சர்டிபிகேட் தேடுவார்கள். உங்கள் நம்பிக்கை உங்களோடு, ஆனால் கொப்புளம் இருக்கும்போதே ஒருமுறை டாக்டர் பார்த்தால்தான் அவர் எழுத முடியும். நல்லவேளை, பொருக்கு உதிர்வதற்குள் போனாலும் கண்டுபிடித்துவிடுவார். திரும்பி வரும்போது எல்லாக் கொப்புளமும் காய்ந்துவிட்டது என்று ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்போம், அது லீவு சர்டிபிகேட்டில் அடங்காது, தனித் தாள். காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் நாட்டு வைத்தியர் எழுதித் தரும் சீட்டு செல்லாது. பதிவு பெற்ற சித்த மருத்துவர் கொடுத்தால் அவருடைய கவுன்சில் எண் இருக்கும், பிலிருபின் (காமாலைக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் டாக்டரின் சுருக்கொப்பம் வேண்டும். 6ஐ 8ஆக்கி மேலே மை ஓட்டியதெல்லாம் ஜெராக்ஸில் இன்னும் நன்றாகத் தெரியும். அசலைக் கொடுக்கும்முன் நகல் எடுத்து, அதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லீவு போட்ட முதல் நாள் காலையிலேயே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். சொல்லாமல் நின்றார் என்ற மெமோவுக்கு முதலில் பதில் சொல்வது அதுதான்.

பனியன்_பேக்கிங்

3ஆம் தேதி 7.40க்கு லைன் சூப்பர்வைசருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டது போனில் இருக்கிறது. நாளை சாயங்காலம் கிளினிக்கில் நாளைய தேதியே போட்டு சர்டிபிகேட் வாங்கிக்கொள்கிறேன். 8ஆம் தேதிக்கு கேஷுவல் லீவு இரண்டு பாக்கி இருக்கிறது.

பதில் 5: ஓபி_ரெஜிஸ்டர்

வாய்ஸ் மெசேஜை யாரும் கோப்பில் வைக்க முடியாது. அதில் சொன்னதை இரண்டு வரியில் எழுதி, அனுப்பிய நேரத்தோடு லீவு லெட்டரில் சேர்த்துவிடுங்கள். கிளினிக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், ஆதாரில் இருக்கிற பெயரையே எழுதச் சொல்லுங்கள்.